கொற்கைக் கோவிலில் நான் திருத்திய மாப்பிள்ளை

உச்சரிப்பு சரியில்லை என்று ஒரு மாப்பிள்ளையைக் கோவில் வாசலிலேயே நான் திருப்பி அனுப்பியதாக, நம் பழைய ஆபீஸ் தோழிகள் குழுவில் ஒரு கதை ஓடுகிறது. அது தவறு. நான் திருத்தியது உச்சரிப்பை அல்ல. திருப்பி அனுப்பவும் இல்லை. அந்த மாப்பிள்ளையோடுதான் கடைசிவரை வாழ்ந்தேன்.

போன ஆவணியில் அவர் போய்விட்டார். அவர் பெயரில் ஒரு தவறான கதை உலவுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

எழுபதுகளின் நடுப்பகுதி. கப்பல் ஏஜென்சி ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். ஜன்னலைத் திறந்தால் முதலில் உப்புக் காற்று வரும். அதன் பின்னாலேயே, பக்கத்துக் கிட்டங்கியில் மூட்டை கட்டும் நிலாவாரை இலையின் வாசனை. பச்சையும் கசப்புமாக... இன்றும் மூக்கில் நிற்கிறது.

காலையில் சிவன் கோவிலில் பட்டர் சங்கல்பம் சொல்லும்போது எங்கள் ஊர் திருமந்திர நகர். சிவன் அம்பாளுக்கு மந்திரம் உபதேசித்த இடம் என்பது ஐதீகம். பத்து மணிக்கு என் டைப்ரைட்டரில் அதே ஊர் டூட்டிகொரின். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து பேச ஆரம்பித்தால் தூத்துக்குடி. எனக்கு இதில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

பக்கத்து மேசை ஃபிலோமினாவுடையது. கடற்கரைக் குடும்பம். அவள் அப்பா தோணியில் கொழும்பு போய் வருபவர். அவளும் நானும் ஒரே கான்வென்ட்.

அப்பாவுக்கு ஏரல் பக்கம் வயல். எனக்கு இரண்டு இடம் வந்து, இரண்டுமே வேலையை விடச் சொன்னதால் நின்றுபோயிருந்தன. மூன்றாவதாக வந்தது விளாத்திகுளம். பையன் புதுத் துறைமுக வேலையில் டிராஃப்ட்ஸ்மேன். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் மனக்கசப்பு என்று, கொற்கை அம்மன் கோவிலில் வைத்துப் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. துணைக்கு ஃபிலோ வந்தாள்.

ஏரலில் இருந்து பஸ். சுற்றிலும் நெல் வயல். கடல் கண்ணுக்கே தெரியாது. ஆனால் வரப்பை வெட்டினால் சங்கு வரும். பாண்டியன் முத்து விற்ற துறைமுகம் அது. ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணில் கடல் விலகிப் போய்விட்டது.

அவரைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. இந்த வயதில் இதைச் சொல்ல என்ன கூச்சம்?

அர்ச்சனை முடிந்து வெளியே வந்து நின்றோம். என்னிடம் ஏதாவது பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. "இந்த ஊருக்கு உண்மையான பேரு கொல்கி. கிரேக்கப் புஸ்தகத்துல இருக்கு. நம்ம ஆளுங்க வாயிலதான் கொற்கைன்னு ஆயிட்டு" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை.

"இல்லை. கொற்கைங்கிறதுதான் மூலப் பேரு. கிரேக்க மாலுமிங்க காதுல விழுந்ததை அவங்க எழுத்துல எழுதுனாங்க. நீங்க தலைகீழா சொல்லுதீங்க."

அவருடைய அம்மா கூடையைக் கையில் எடுத்துவிட்டார். என் அப்பா கோபுரத்தைப் பார்த்தார். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, அப்படியானால் டூட்டிகொரினும் தப்புதானே என்று மாப்பிள்ளை கேட்டார். தப்பில்லை, ஆபீஸில் நானே அப்படித்தான் அடிக்கிறேன் என்றேன். போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று ஒவ்வொருவர் வாயாகத் தாண்டி வந்த பெயர். அதுவும் நம் பெயர்தான், வெளியூர் போய் வந்திருக்கிறது. ஆனால் எது தாய், எது பிள்ளை என்று தெரிய வேண்டும் அல்லவா?

அதற்குள் ஃபிலோ புகுந்தாள். "ஏளா செம்பகம், போதும் விடு. மேசை, சாவி, ஜன்னல் எல்லாம் போர்ச்சுகீசியன் குடுத்த பேருதான். நாளைக்கு அதுக்கும் பாடம் எடுப்பா, அண்ணாச்சி. சாக்கிரதை."

அவர் சிரித்தார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை.

ஃபிலோ சிலுவை போட்டுக்கொண்டு அம்மன் சன்னதியை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். தன் கடற்கரை ஆட்களும் ஒரு காலத்தில் இந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் முத்துக்குளிக்க இறங்கியிருப்பார்கள் என்று என் காதில் சொன்னாள். அன்று எல்லோரும் பேசியதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

"ஊருக்குப் போய்க் கடுதாசி போடுதோம்" என்றார் அவருடைய அம்மா. அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

இருந்தாலும் சொன்னேன். "எதுன்னாலும் எழுதிப் போடுங்க. எழுதாம மட்டும் இருந்திராதீங்க."

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இதுவும் போயிற்று என்றே நினைத்தேன். அந்த வாரம் முழுவதும் டைப் அடித்ததில் பிழைக்கு மேல் பிழை. எனக்கு அது வழக்கமே இல்லை.

கார்டு வந்தது. அவருடைய அம்மா, அதாவது பிறகு எனக்கு வாய்த்த அத்தை, சொல்லச் சொல்ல யாரோ எழுதியது, பேச்சு அப்படியே இருந்தது: "பொண்ணு பிடிச்சிருக்கு. துறைமுகத்துல சேர்ந்ததுல இருந்து இவன் எங்கிட்ட டூட்டிகொரின்னு சொல்லும்மான்னு என் வாயைத் திருத்திக்கிட்டுத் திரியுதான். அவனைத் திருத்த ஒருத்தி வரட்டும். பிள்ளை வேலையை விட வேண்டாம்."

அத்தை கடைசிவரை தூத்துக்குடி என்றுதான் சொன்னார். அவரும் அதற்குப் பிறகு வீட்டில் அப்படித்தான் சொன்னார்.

இப்போது கொற்கைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள். போன மாதம் போயிருந்தபோது ஒரு சிறுமி, கொற்கையைத்தான் கிரேக்கர்கள் கொல்கி என்று எழுதினார்கள் என்று தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சரியான வரிசையில். நான் திருத்த வேண்டிய வேலையே இல்லை. பக்கத்தில் அவர் இல்லையே என்று மட்டும் இருந்தது.

ஃபிலோ, அன்று அங்கே இருந்தவர்களில் மிச்சம் நீயும் நானும்தான். இந்தக் குழுவில் நீ எல்லாவற்றுக்கும் கைகூப்பும் படம் போடுகிறாய். இதற்கு அது வேண்டாம். நடந்தது இதுதானா, நான் எதையாவது விட்டுவிட்டேனா என்று, தயவுசெய்து எழுத்தில் பதில் போடு.