பிடித்த சீட்டை விட்டுக்கொடுத்துக் கல்வராயன் மலைக்கு

முழங்காலுக்குக் கீழே ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு ஆறு மாதம் மாத்திரை விழுங்கியவளுக்கு ஒரு பஸ் பயணம் சின்ன விஷயம் இல்லை. விழுப்புரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்கு வேலை. கணக்கு முடிக்கும் மாதத்தில் நாற்காலியை விட்டு எழாமல் இருந்து, ஒரு கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் படுத்தேன். மாத்திரை நின்றதும், இந்த அக்டோபரில் மழை விட்ட ஒரு சனிக்கிழமை, நானும் என் கணவரும் கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். "போங்க. ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஒரேடியா உட்காராதீங்க. கால் அசையலைன்னா ரத்தம் மெதுவாகும், ரத்தக்குழாய் தேவைக்கு ஏத்தபடி விரியறதும் குறையும். ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் இதேதான்" என்று முன்பே சொல்லியிருந்தார் டாக்டர்.

இது எதுவும், முக்கியமாக அந்தக் கடைசி வாக்கியம், என் கணவர் காதில் விழவில்லை. வெளியே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று வேலையாட்களுக்குச் சொல்லிவிட்டு, தான் மட்டும் காலை முதல் இரவு வரை கல்லாவிலேயே குந்தியிருப்பார். ஆம்பளைக்கு வந்தால் நெஞ்சுவலி, கால் நரம்பெல்லாம் பொம்பளை வியாதி என்பது அவர் தீர்ப்பு. கிளம்பும்போதே நிபந்தனை போட்டார்: "தோ பாரு, இந்த வாட்டி கால் வீங்கிச்சின்னா இனிமே ஊர் சுத்தறதே கெடையாது." எனக்கோ ஊர் சுற்றுவதில்தான் உயிரே இருக்கிறது. பயந்துகொண்டேதான் சரி என்றேன்.

விழுப்புரத்தில் காலை ஆறரைக்கு ஏறி எட்டரைக்குக் கள்ளக்குறிச்சி சேர்ந்தோம். பஸ் காலியாக இருந்ததால் நடுநடுவே நின்றுகொள்ள முடிந்தது. இட்லி, வடை, டீ இருவருக்கும் நூற்றுப் பத்து ரூபாய். ஒன்பதரைக்கு வெள்ளிமலை பஸ் வந்தபோது ஏகக் கூட்டம். கணவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு ஆம்பளைப் பக்கம் தனக்கொன்றும், என் கைப்பையைப் போட்டு எதிர்ப்பக்கம் எனக்கொன்றுமாக சீட்டு பிடித்துவிட்டார்.

நம் பஸ்களில் எழுந்தால் சீட்டு போச்சு. ஊர் எல்லை தாண்டியதும் நான் எழுந்தேன்.

"எறங்கறீங்களாக்கா?" என்று பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்.

"இல்ல, சும்மா நிக்கறேன். நீ உக்காரு."

அவள் நம்பாமல் பார்த்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து என் கணவர், "அடிச்சிப் புடிச்சி சீட்டு போட்டா, தானம் பண்றா பாரு!" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

அவள் பெயர் செல்வி. கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப்போடும் வேலை. லீவுக்குக் கரியாலூரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போகிறாள். என் கதையைக் கேட்டுவிட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினாள். பச்சை நரம்புகள் சுருண்டு புடைத்திருந்தன. "நாள் பூரா நின்னுக்கினே இருக்கணும்க்கா. நீங்க குந்தியே கெட்டீங்க, நான் நின்னே கெட்டேன்."

அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. கச்சிராயபாளையம் வரை அவள், அங்கிருந்து நான், கோமுகி அணை வந்ததும் மறுபடி அவள். வளைவுகள் தொடங்கியதும் நிற்பது ஆபத்து என்பதால், பக்கத்து அம்மாவைக் கெஞ்சி மூன்று பேராக நெருக்கிக்கொண்டு, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கியபடி வந்தேன். மரவள்ளிக் காடும் மழை கழுவிய கடுக்காய் மரங்களுமாக மலை அவ்வளவு அழகு. கரியாலூரில் செல்வி இறங்கியபோது மனசு நிறைந்திருந்தது. என் கணவர் ஏறியதிலிருந்து சீட்டை விட்டு அசையவே இல்லை.

பெரியார் நீர்வீழ்ச்சியில் இறங்கினோம். தண்ணீர் ஓரமாகச் செருப்பைக் கழற்றி, முதலில் என் கால்களைப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு. அழுகை வந்துவிட்டது. நிமிர்ந்தால், அவர் தன் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது, குழி விழுந்தா எழவே மாட்டேங்குது? ரெண்டு காலும் இப்டி இருக்குது."

கேலி செய்ய வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்திருந்தேன். வாய் வரவில்லை. "வலிக்குதாங்க?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவராகவே எழுந்து ஈரப் பாறையோரம் மேலும் கீழும் நடக்க ஆரம்பித்தார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கள்ளக்குறிச்சியிலிருந்து மலைமேல் இரண்டு மணி நேரம் ஆகும். திரும்பும் பஸ் நேரத்தைக் கண்டக்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். சமவெளியில் எழுந்து நில்லுங்கள், வளைவில் உட்கார்ந்து பாதத்தை ஆட்டுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, மலையை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

திங்கட்கிழமை எனக்கு மறுபரிசோதனை. டாக்டரிடம் டோக்கன் போட, அவர் கடையில் வைத்துத்தான் போனை எடுத்தேன். அவர் கல்லாவில் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "எனக்கும் சேத்து ஒண்ணு போடு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.