ஓவர்லாக் அடித்த ஃபில்டர்

அழகுமலை மாமா இறந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. பழைய கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குழுவில் அவருக்கு வந்த இரங்கல்களை யாரோ அக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். முதல் செய்தி அருள்செல்வனுடையது. ‘கொங்கு மண்டலத்தின் தலைசிறந்த பிரிட்டிஷ் கார் மெக்கானிக்கை இழந்துவிட்டோம்.’ அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மாமா, என் அக்கா நாகஜோதியின் கணவர். ஆண்டிபட்டிப் பக்கம். பதினேழு வயதில் திருப்பூருக்கு வந்து ஒரு நிட்டிங் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தார். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஒத்துக்கொள்ளவில்லை. இருமிக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு கார் பட்டறைக்கு மாறினார். அங்கே வந்தவை பெரும்பாலும் அம்பாசடர்கள். பிறகு அதே ரோட்டில் தகரக் கொட்டகை போட்டுத் தனியாகத் தொழில் ஆரம்பித்தார்.

அருள்செல்வன் பனியன் ஏற்றுமதியாளர். குழந்தைகளுக்கான உடுப்புகள் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர். குன்னூரில் ஒரு எஸ்டேட் வீட்டிலிருந்து 1965ஆம் வருடத்து எம்.ஜி. கார் ஒன்றை வாங்கி வந்தார். சிவப்பு, இரண்டே சீட்டு. கோவையில் இரண்டு பட்டறைகளில் தொடவே பயந்தார்கள். மாமா பானெட்டைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார். “அட, இது நம்ம அம்பாசடர் எஞ்சினுக்கு அண்ணன்ல!”

அதிலிருந்து அந்தக் காரின் வேலை முழுக்க அவருடையது. அதைப் பார்த்து இன்னும் ஆறேழு பேர் தங்கள் பழைய கார்களைக் கொண்டு வந்தார்கள்.

அந்தக் காரில் ஆயில் ஃபில்டர் மாற்றுவது இப்போதைய கார்களைப் போல ஒரு டப்பாவைக் கழற்றி வேறு டப்பாவைத் திருகுகிற வேலை இல்லை. எஞ்சினின் பக்கத்தில் ஓர் இரும்புக் கிண்ணம் தொங்கும். அடியிலிருந்து நீளமான ஒரே போல்ட். அதைத் தளர்த்தினால் கிண்ணம் நிறையக் கறுப்பு எண்ணெயோடு கையில் இறங்கி, முழங்கை வரை வழியும். உள்ளே காகித மடிப்புகளாலான உருளை இருக்கும். அதுதான் வடிகட்டுவது. கிண்ணத்தின் விளிம்பு மேலே போய் உட்காருகிற பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வருடக்கணக்காகச் சூட்டில் வெந்து அது இரும்போடு ஒட்டிப்போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. தெரியாதவர்கள் பழையதின் மேலேயே புதியதை வைத்து முறுக்கிவிடுவார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் எண்ணெய் எல்லாம் ரோட்டில் கொட்டிவிடும்.

மாமா நிட்டிங் மெஷின் ஊசி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். அதன் முனையில் சின்னக் கொக்கி உண்டு. அதைப் பள்ளத்தில் விட்டு, விளக்கடித்துப் பார்த்து, சுற்றிலும் நெம்பி, வளையத்தைத் துண்டாகாமல் உருவுவார். அதைக் கார்க்காரரின் கையிலேயே கொடுப்பார். “எண்ணிக்கங்க. பழசு ஒண்ணு வெளிய, புதுசு ஒண்ணு உள்ள.” யாராக இருந்தாலும் இதைச் செய்யாமல் போல்ட்டை முறுக்க மாட்டார்.

போன ஆவணியில் ஒரு புதன்கிழமை மாமா அருள்செல்வனின் கம்பெனி ஷெட்டில் வைத்து ஃபில்டரைத் திறந்தார். உள்ளே இருந்த காகித உருளை நசுங்கிக் கிழிந்திருந்தது. புதியது இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். பத்து நாளாகும் என்றார்கள். அம்பாசடருக்குப் போடுவது அதில் சரியாக உட்காரவில்லை. மாமா புது ரப்பர் வளையத்தை மட்டும் பள்ளத்தில் பொருத்தினார். கிண்ணத்தைக் கழுவித் தட்டில் வைத்தார். ‘ஃபில்டர் இல்லை. ஸ்டார்ட் செய்யக் கூடாது’ என்று அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கோவையில் பழைய கார்களின் அணிவகுப்பு. அன்று மதியம் எஞ்சின் தெக்கலூர் தாண்டி இறுகி நின்றுவிட்டது. சாயங்காலமே அருள்செல்வன் குழுவில் எழுதிவிட்டார். ‘மெக்கானிக் பழைய ரப்பரை எடுக்காமல் விட்டுவிட்டார். ஆயில் முழுதும் போய் எஞ்சின் காலி. நண்பர்கள் ஜாக்கிரதை.’ அன்று இரவுக்குள் மூன்று பேர் மாமாவுக்கு போன் செய்து, தங்கள் வண்டிகளை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

மாமா சாப்பிடவில்லை. “பழசை எடுக்காம விட்டேன்னு சொல்லிட்டாம்பா. வேற என்ன வேணாலும் சொல்லியிருக்கலாம்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

திங்கள் காலை பைக்கில் நான்தான் அவரை அருள்செல்வனின் கம்பெனிக்குக் கூட்டிப் போனேன். இழுத்து வந்த கார் ஷெட்டில் நின்றது. டீ இடைவேளை நேரம். தையல்காரர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். கோவையிலிருந்து பழைய கார் கிளப்காரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள்.

“வாங்க அழகு. இப்படிப் பண்ணிப்போட்டீங்களே. உங்களை நம்பித்தானுங்க உட்டேன்” என்றார் அருள்செல்வன். அந்த ஊர் மரியாதை அப்படி. கழுத்தில் கத்தி வைக்கும்போதும் ‘ங்க’ விடுபடாது.

மாமா ஆயில் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவினார். எண்ணெய் மேல்கோடு வரை நின்றது. கிளப்காரர்களிடம் காட்டினார். “ஆயில் போயிருந்தா இது எங்கிட்டு இருந்துங்க வந்துச்சு?”

பிறகு கீழே படுத்துக் கிண்ணத்தைக் கழற்றினார். பள்ளத்தில் ஒரே வளையம். அவர் வைத்த புது வளையம். கிண்ணத்தைக் கவிழ்த்தார். தட்டில் விழுந்ததைப் பார்த்துக் கிளப்காரர்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கருகிய நாற்றம். கறுப்புக் கூழில் ஊறிய ஏதோ ஒன்று, செத்த எலியைப் போலச் சுருண்டு கிடந்தது. பிய்ந்த நூல்கள் புழுக்களைப் போல ஒட்டிக்கொண்டிருந்தன. மாமா அதை டீசலில் அலசினார். அழுக்குக்கு அடியிலிருந்து இளம்பச்சை நிறம் தெரிந்தது. குழந்தை உடுப்புக்கு அவர்கள் ஓட்டுகிற இன்டர்லாக் பின்னல் துணி. அது சூட்டில் ஊறி, எண்ணெய் வெளியேறுகிற நடு ஓட்டையில் போய் அடைத்திருந்தது.

அருள்செல்வனுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. “பாருங்க, கை துடைச்ச பனியன் வேஸ்ட்டை உள்ளயே உட்டுட்டு மூடியிருக்கறாரு! மனுசனுக்கு மறதிங்க, என்ன பண்றது” என்றார்.

நல்ல பொய். ஊரில் எந்த மெக்கானிக் கையிலும் பனியன் வேஸ்ட் இருக்கும், யாரும் நம்புவார்கள். மாமா அந்தத் துணியைப் பிழிந்து விரித்துப் பிடித்தார். இரண்டு மடிப்பாக, உருளையாக, விளிம்பு சுற்றிலும் நூல் பிரியாமல் அடித்த மெஷின் தையல்.

“கை துடைக்கிற வேஸ்ட்டுக்கு யாரு மொதலாளி ஓவர்லாக் அடிச்சுக் குடுக்குறது?”

கிளப்காரர்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அருள்செல்வனின் காது சிவந்தது. “எங்க கம்பெனியில இதை யாரும் தெக்கல. தெச்சவங்க இருந்தா வரச் சொல்லுங்க பாக்கலாம்” என்று வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

வாசலில், மாதிரி உடுப்புகள் தைக்கிற சாம்பிள் டெய்லர் விஜயராணி நின்றிருந்தாள். நாசரேத் பக்கத்துக்காரி. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கம்பெனி லைன் வீட்டில் இருப்பவள். டீ டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கண் மாமா கையிலிருந்த தையலின் மேலேயே இருந்தது. நான் பார்த்தேன். மாமாவும் பார்த்தார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

மாமா துணியைத் தட்டில் போட்டார். “சரி மொதலாளி. குரூப்புல மட்டும் ஒரு வரி போட்ருங்க, பழைய ரப்பரு இல்லைன்னு.”

“போட்டுறலாமுங்க, போட்டுறலாம். எஞ்சினை நீங்களே இறக்கிப் பண்ணிக் குடுத்துருங்க.”

“நீங்க போட்ட அன்னிக்கு வந்து இறக்குறேன்.”

அருள்செல்வன் போடவே இல்லை. சிரித்த இரண்டு பேரும் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. பொய் சொன்னவனுக்காவது மறைக்க ஒரு காரணம் இருந்தது. தன் துணியின்மேல் இருந்த கர்வத்தில் வெளிநாட்டு எஞ்சினைக் கெடுத்தவன் என்று கிளப் முழுக்கச் சிரிக்கும். இவர்கள் அந்தத் தையலைக் கண்ணால் பார்த்தவர்கள். நன்றாகச் சிரித்துவிட்டு, அங்கேயே டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். “அந்த அக்காவைக் கேட்டிருக்கலாம்ல மாமா?”

“கேட்டிருந்தா சொல்லியிருக்கும். அப்புறம் அது பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்கிட்டுப் போகும்? வண்டிய எடு.”

அவர் மீதும் எனக்குக் கோபம்தான் வந்தது. பழைய கார்கள் ஒன்றுகூட அதற்குப் பிறகு கொட்டகைக்கு வரவில்லை. மினி ஆட்டோக்களுக்கும் சாயப்பட்டறை வேன்களுக்கும் ஆயில் மாற்றினார். சொந்தக்காரர்களே விசேஷ வீடுகளில், “என்னப்பா அழகு, ரப்பர உள்ள வச்சு மூடிட்டியாமே?” என்று கேலி செய்தார்கள். சிரித்துக்கொண்டே பந்திக்குப் போய்விடுவார். இந்த வருடம் ஒரு காலை வேனுக்கு அடியில் படுத்திருந்தவர் எழுந்திருக்கவில்லை.

நேற்று விஜயராணி வீட்டுக்கு வந்தாள். தை மாதமே அந்தக் கம்பெனியை விட்டுவிட்டாளாம். இப்போது வேறொரு யூனிட்டில் தைக்கிறாள். அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“சனிக்கிழம சாயங்காலம் கிழிஞ்ச ஃபில்டரை மொதலாளி எங்கிட்ட கொண்டாந்து, ‘இதே அளவுல ரெண்டு மடிப்பா அடிச்சுக் குடு, நம்ம கம்பெனியில துணிக்கா பஞ்சம்’னாவ தம்பி. ‘நூலு பிரியும் சார், கொதிக்கிற எண்ணெயில எப்படி நிக்கும்’னேன். ‘அறுபது டிகிரியில தொவைச்சே சாயம் போவாத துணி, நீ அடி’ன்னுட்டாவ. டிரைவர்தான் மாட்டுனாரு. அட்டையைப் பிச்சு எறிஞ்சதும் அவருதான். அன்னைக்கு அண்ணாச்சி எம் மூஞ்சியப் பாத்தாவ. நான் கீழ குனிஞ்சுக்கிட்டேன்.”

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதை நான் எழுதப்போறேன்க்கா. உங்க பேரை மாத்திப் போட்டுக்கிறேன்” என்று விஜயராணியிடம் சொன்னேன்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“பேரை மாத்துனா யாரு நம்புவா? விஜயராணி தச்சதுன்னே போடுங்க.”