பரணில் நெளிந்த இசைத்தட்டுகள்

கொட்டகலை பஜாரில் ஸ்டேஷனுக்குத் திரும்பும் முனையில் நிற்கிற மூன்று மாடிக் கட்டடம் என்னுடையது. வங்கிக்காரர் என்னை உட்காரக்கூடச் சொல்லாமல் திருப்பி அனுப்பிய பிறகு, மணல் சுமந்த காசில் நான் எழுப்பியது. கீழே ஹார்ட்வெயார் கடை, பின்னால் லொறி நிறுத்தும் இடம். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவனுக்குக் காணி விற்கமாட்டோம் என்று சொன்னவர்களின் பிள்ளைகள் இன்று என் கடையில் கூரைத் தகடு வாங்குகிறார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் மகள் டாக்டர்.

இதெல்லாம் யாரும் செய்யக்கூடியது என்று சொன்னால்கூட ஒப்புக்கொள்வேன். மூன்றாம் மாடியை மட்டும் யாரும் செய்ய முடியாது. நாலு சுவரும் ஜாஸ் இசைத்தட்டுகள். மூடப்பட்ட பங்களாக்களில் ஏலம் எடுத்தவை, புறக்கோட்டை நடைபாதையில் மழையோடு குந்தியிருந்து பொறுக்கியவை. வட்டவளையில் ஒரு ரொட்டிக் கடையில் மா டின்னை மூடியிருந்த ஒரு தட்டைக் கண்டு, அதற்குப் பதில் புது எவர்சில்வர் மூடி வாங்கிக் கொடுத்து எடுத்துவந்திருக்கிறேன். கொழும்பிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் வருவார்கள். ‘உங்களுக்கு இந்தச் சங்கீதம் எப்படிப் பிடித்தது?’ என்று எல்லோரும் கேட்பார்கள். பிடித்ததைச் சொல்லுவேன். சின்ன வயதில் சில தட்டுகளை நான் காப்பாற்றிய கதையை இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

அப்பா தோட்டத்துப் பெரிய துரையின் பங்களாவில் குசினிக்காரர். சனிக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் வருவார்கள். துரை ரேடியோகிராமைத் திறந்து தட்டுப் போடுவார். நான் குசினிக் கதவுக்கு இந்தப் பக்கம் கோழி உரித்துக்கொண்டிருப்பேன். ட்ரம்பெட்டை முதலில் கேட்ட நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கள் லயத்தில் கொம்பு ஊதினால் பெரட்டுக்கு, காலையில் பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, ஓடவேண்டும். இந்தக் கொம்பு யாரையும் எங்கேயும் ஓடச் சொல்லவில்லை. பின்னால் ட்ரம் அடித்தவன், காமன் கூத்தில் தப்பு அடிக்கிறவர்களைப்போலத் தாளத்தைக் கொஞ்சம் தப்பவிட்டுத் தப்பவிட்டுப் பிடித்தான். கையில் இறகோடு அப்படியே நின்றுவிட்டேன். அப்பா தலையில் குட்டினார்.

அந்த வருஷம் பெருமழையில் பங்களாக் கூரை ஒழுகியது. தகரத்தைக் கழற்றிப் புதிது போட ஆட்கள் வந்தார்கள். துரை ஒரு வாரம் கொழும்புக்குக் கிளம்பினார். காரில் ஏறுமுன் தட்டுப் பெட்டியைக் காட்டி, தன் தோட்டத் தமிழில் அப்பாவிடம் சொன்னார்: “இது நனையக் கூடாது. காஞ்ச எடத்துல வை. சனிக்கிழமை ஆள் வருது. வெளங்குதா?”

அப்பாவுக்கு நன்றாக விளங்கியது. எங்கள் மலையில், அந்த மழையில், காய்ந்த இடம் என்று ஒன்றுதான் உண்டு. லயத்தில் எங்கள் அறையான காம்பராவில் அடுப்புக்கு மேலே கம்பு கட்டித் தொங்கவிட்ட பரண். விறகு அங்கேதான் காயும். கருவாடு, விதை மிளகாய், அம்மாவின் கலியாணக் கூறை, எங்கள் பிறப்புப் பத்திரங்கள் என்று நனையக் கூடாத எல்லாமே அங்கேதான் இருந்தன. பெட்டி பெரிது என்பதால், அப்பா தட்டுகளை உறையோடு எடுத்துத் துண்டில் சுற்றி, சாமி படத்தை வைப்பதுபோல அங்கே வைத்தார்.

வியாழக்கிழமை விறகு எடுக்க ஏறிய நான், மேலே இருந்த நீல உறையைத் தொட்டேன். அது மெத்தென்று அமுங்கியது. உள்ளே இருந்ததை இழுத்தேன். கல்லில் ஓரம் எழும்பிய தோசையைப்போல அது நெளிந்திருந்தது. அதற்கடுத்த இரண்டும் அப்படியே. கீழே இருந்தவை பாரத்தில் அமுங்கித் தப்பியிருந்தன.

“அப்பா, இங்க வந்து பாருங்க.”

அப்பா பார்த்தார். நீல உறைத் தட்டுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் முதலில் சுற்றுவது.

அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “பத்துச்சீட்டு குடுத்துருவான். காம்பராவ காலி பண்ணச் சொல்லுவான். அப்புறம் என்ன, தலைமன்னார் கப்பல்தான்.”

அந்தக் காலத்தில் அது வெறும் புலம்பல் இல்லை. பத்துச்சீட்டு கொடுத்தால் வேலை போகும். வேலை போனால் காம்பரா போகும். காம்பரா போனவர்களின் பெயர்தான் இந்தியாவுக்கு அனுப்புகிறவர்களில் முன்னால் வரும் என்று லயமே பயந்து கிடந்தது. பக்கத்துக் காம்பராவில் பூட்டுத் தொங்கியது.

“சும்மா இருடி” என்று சொல்லிவிட்டு, அப்பா அம்மிக்கல்லைத் தூக்கித் தட்டின்மேல் வைக்கப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒடைஞ்சிரும்பா! சூட்டுல வளைஞ்சது, சூட்டுலதான் நிமுரும். என் சீப்பு வளைஞ்சப்ப ரெண்டு சிலேட்டுக்கு நடுவுல வச்சி, சுடுதண்ணி சட்டி மேல வச்சேன்ல. நேராச்சா இல்லியா?”

“சீப்பும் இதும் ஒண்ணாடா, எருமை?”

“ரெண்டும் பிளாஸ்டிக்தானே.”

அப்பா அம்மிக்கல்லைக் கீழே வைத்தார். அப்படியென்றால் நான் பேசலாம் என்று அர்த்தம். சொன்னேன்: சூடு மெல்லமாக, எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி வேண்டும். அது ஸ்டோரில் இருக்கிறது. நாங்கள் ஸ்டோர் என்று சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அதன் மேல்மாடியில் சாக்குத் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி, கீழேயிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றில் வாட்டுவார்கள். பத்து வயதில் இந்த யோசனை எனக்கு வந்தது. வேறு யாருக்கும் வரவில்லை. இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஸ்டோர், தேயிலை தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் ஐயாவின் ராஜ்யம். யாழ்ப்பாணத்துக்காரர். திருநீறு கலையாத நெற்றி, சிரிக்காத வாய். வெள்ளிக்கிழமை காலை அப்பா அவர் முன்னால் கைகட்டி நின்று விஷயத்தைச் சொன்னார்.

“விசரே உனக்கு?” என்றார் ஐயா. “இந்தத் தட்டுகள் புகையும் கருவாடுமா மணக்குது. கொழுந்து பக்கத்தில இருக்கிற மணத்தையெல்லாம் பிடிக்கும். தேயிலை லொட்டு கெட்டா ஆர் பதில் சொல்லுறது? அதோட பெடியன் வேற. சின்னப் பிள்ளையளை உள்ள விட்டா என்ர வேலைக்கு உலை.”

அப்பா தலையைக் குனிந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, ஞாயித்துக்கெழம புடிங் கொண்டாறதும் நான்தானுங்களே. அதுக்கு மட்டும் சின்னப் பிள்ளை வரலாமுங்களா?”

துரையின் மேசையிலிருந்து மறைவாக ஒரு துண்டு வாராவாரம் ஐயாவின் வீட்டுக்குப் போவது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். அப்பா என் முதுகில் கிள்ளினார். ஐயா வாசலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

“கடைசிச் சாக்குத் தட்டு வெறுமையாக் கிடக்குது. அங்க கொண்டுபோய் வை. கொழுந்தில படக் கூடாது. பின்னேரத்துக்குள்ள கிளம்பவேணும்.”

தட்டுகளை நடுவில் வைத்து அமுக்க இரண்டு கண்ணாடி வேண்டும். சிலேட் போதாது. அதையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். பங்களாச் சாப்பாட்டு அறையில், நாய்கள் நரியைத் துரத்துகிற இரண்டு பெரிய படங்கள் மாட்டியிருந்தன. கூரை வேலைக்காரர்கள் வெளியே வெற்றிலை போட்ட நேரத்தில், பின்பக்க ஆணிகளைக் கழற்றிக் கண்ணாடிகளை உருவி, சாக்கில் சுற்றிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் செய்யவிட்டிருக்கமாட்டார்.

தட்டுகளை ஒவ்வொன்றாகத்தான் வைக்க முடிந்தது. மேலே தராசுப் படிக்கற்கள். அடிக்கடி என் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பேன். கன்னம் சுட்டால் ஓரத்துக்கு நகர்த்துவேன், ஆறினால் உள்ளே தள்ளுவேன். இரண்டு தட்டு நிமிர்ந்தது. நீல உறைத் தட்டு பாதி நிமிர்ந்திருந்தபோது, மரப்படியில் பூட்ஸ் சத்தம். பெரிய துரைக்கு அடுத்த அதிகாரியான சின்ன துரை.

ஒளிய இடமில்லை. பக்கத்துச் சாக்குத் தட்டில் கொழுந்துக்கடியில் புகுந்துகொண்டேன். புகும்போது கால் பட்டுப் படிக்கல் ஒன்று சரிந்தது. கண்ணாடி மூலையில் ‘டிக்’ என்றது. சின்ன துரையின் பூட்ஸ் என் தலைமாட்டில் வந்து நின்றது. கொழுந்து மூக்குக்குள் போயிற்று. தும்மல் வந்தால் அப்பா, அம்மா, கப்பல் என்று எண்ணி அடக்கினேன்.

“புகை மணக்குது” என்றார் சின்ன துரை.

ஐயாவின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. “புகைக் குழாயில ஒரு ஒழுக்கு, சேர். இண்டைக்கே பார்க்கச் சொல்லியிருக்கிறன்.”

பூட்ஸ் இறங்கிப் போயிற்று. ஐயா என்னைக் காதைப் பிடித்து வெளியே இழுத்தார். சரிந்த படிக்கல்லை அவரே எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். அதை நான் பார்த்தேன். அவருக்குரியதை நான் மறைக்கிறவன் இல்லை.

சனிக்கிழமை விடியுமுன் கண்ணாடிகளைப் படங்களில் மாட்டினேன். அப்போதுதான் அப்பா பார்த்தார். அதில் ஒன்றின் மூலையில் கீறல். அடிக்கக் கையை ஓங்கினார். அதற்குள் துரையின் கார் வந்துவிட்டது.

மாலையில் துரைமார் கூடினார்கள். நீல உறையை எடுத்தார் துரை. அப்பா குசினியில் தட்டத்தைப் பிடித்தபடி நின்றார். ஊசி இறங்கியது. தட்டு சுற்றச் சுற்ற, ஊசி மெல்ல ஏறி இறங்கியது, தூங்குகிற ஆளின் நெஞ்சைப்போல. ஆனால் ட்ரம்பெட் ஒரு இடத்திலும் தவறவில்லை. நான் கதவிடுக்கில் குதித்தேன்.

துரை குதிக்கவில்லை. குனிந்து ஊசியைப் பார்த்தார். உறையை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அவர் பார்வை நரிப் படத்தின் மூலையில் நின்றது.

“குக்!”

அப்பா உள்ளே போனார்.

“எங்க வச்சது?”

“அடுப்புக்கு மேலங்க தொர. காஞ்ச எடமுங்க. என் தப்புதானுங்க.”

“நேரா செஞ்சது யாரு?”

இதுதான் என் இடம். நான் கதவைப் பாதி திறந்துவிட்டேன். அப்பாவின் இடது கை முதுகுக்குப் பின்னால் வந்து, போ, போ என்று ஆட்டியது.

“டீமேக்கர் ஐயாங்க தொர. அவருதான் ஸ்டோருல வச்சி நேராக்கிக் குடுத்தாருங்க.”

துரை வாய்விட்டுச் சிரித்தார். இங்கிலீஷில் மற்றவர்களுக்குச் சொன்னார், எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஆளனுப்பி ஐயாவைக் கூப்பிட்டார்கள். தின்பண்டத் தட்டோடு வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். ஐயா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருதரம் மட்டும் குசினிப் பக்கம் பார்த்தார். அப்பாவுக்கு வேலை போகவில்லை. கப்பலும் இல்லை. கண்ணாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நான் அப்பாவோடு பல நாள் பேசவில்லை. தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை ஊரைவிட்டுப் போனார். தட்டுகளையெல்லாம், காப்பாற்றிய மனிதருக்கு என்று ஐயாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பெட்டியை ஐயா வீட்டுக்குத் தூக்கிப்போனவர்களில் நானும் ஒருவன். வழியெல்லாம் அழுதேன். அப்பா கோழை, பெரியவனுக்குப் பயந்து பிள்ளையை விற்றுவிட்டார் என்று நினைத்தேன்.

அந்த ஆட்டிய கைக்கு அர்த்தம் எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் தெரிந்தது. ‘என் மகன்தான் செய்தான்’ என்று அப்பா சொல்லியிருந்தால், அடுத்த கேள்வி, ஸ்டோருக்குள் எப்படிப் போனான்? அதற்கடுத்தது, கண்ணாடியை எடுத்தது யார்? பங்களாவில் கைவைத்த பையனை எங்கே அனுப்புவார்கள் என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, பாராட்டை ஐயாவின் கழுத்தில் போட்டு, நடுவில் என்னைக் காணாமல் ஆக்கினார். அதை நான் திருட்டு என்று நினைத்திருந்தேன்.

ஐயாவின் பேரன் கனடாவில் இருக்கிறார். அந்தத் தட்டுகளைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார். தன் தாத்தா தேயிலை வாட்டும் அறிவைக்கொண்டு ஜாஸைக் காப்பாற்றினார் என்று எழுதியிருக்கிறார். உலகம் முழுக்கப் பாராட்டுகிறார்கள். என் மகள்தான் வாசித்துக் காட்டினாள்.

தட்டுகள் எனக்கு வேண்டாம், என்னிடம் அதைவிட நல்லவை இருக்கின்றன. ஐயா சின்ன துரை முன்னால் நின்று சொன்ன பொய்யையும் போடட்டும், அது பெரிய காரியம். ஆனால் இன்று அப்பாவும் இல்லை, துரையும் இல்லை, என்னைப் பிடித்துக்கொடுக்க யாரும் இல்லை. என்னை ஒளித்துவைக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது. ஆகையால் அந்தப் பேரன் தன் எழுத்தைத் திருத்தவேண்டும். யோசனை சொன்னது, கண்ணாடி கொண்டுவந்தது, கன்னத்தை வைத்துச் சூடு பார்த்தது பங்களாக் குசினிக்காரரின் மகன் என்று போடவேண்டும். குசினிக்காரரின் மகன் என்று மட்டும் போட்டால் போதாது. என் முழுப் பெயரையும் போடவேண்டும்.