தொப்பி போடாத ஓட்டம்

யாழ்ப்பாணத்தில் மலை ஏது என்று கேட்பவர்கள் மணற்காட்டுக்கு வந்து பார்க்காதவர்கள். கீரிமலையில் பெயரில் மட்டும்தான் மலை. இங்கே அப்படியில்லை. காற்று கூட்டிச் சேர்த்த மணல், சவுக்குக் காட்டைத் தாண்டியதும், கடலைப் பார்த்தபடி குன்றாக எழும்பி நிற்கிறது. நுவரெலியாக்காரன் பார்த்தால் சிரிப்பான்தான். சிரித்துவிட்டு ஒருதரம் ஓடி ஏறட்டும், பிறகு கதைப்போம்! ஓரடி ஏறினால் அரையடி கீழே இறக்கிவிடுகிற மணல் அது.

அந்த மணலில்தான் றொசாந்தி விடியற்காலையில் ஓடினாள். குருநகரில் பிறந்து, ஜெரிசன் என்ற மீன்பிடிகாரனைக் கட்டி இந்த ஊருக்கு வந்தவள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். ஊரில் பாதிப் பேர் உடுத்தியிருப்பது அவளுடைய தையல் மெசினில் தைத்ததுதான். நாள் முழுக்க அந்த மெசினோடு குந்தியிருந்து சீனி வருத்தத்தையும் தேடிக்கொண்டாள். "நடவுங்கோ அம்மா" என்று ஆசுப்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நடந்தும் பார்த்தாள். எங்கே நடக்க விட்டார்கள்? ஒருத்தி பிளவுசின் கை இறுக்கம் என்பாள், மற்றவள் மகளின் யூனிபோம் எப்போது முடியும் என்பாள். நாலு வீடு தாண்டுமுன் வெயில் ஏறிவிடும். ஓடினால் மறிக்க மாட்டார்களே என்று ஓடத் தொடங்கினாள். அங்கேதான் பிழை நடந்தது.

மீன்பிடி ஊரில் விடிகிற நேரம் ஒரு பெண் கடற்கரையில் ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கடலில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது. முதல் நாள் அவள் படகுகள் இழுத்துவிட்டிருந்த இடத்தைத் தாண்டவில்லை, பின்னால் குழறல் கேட்டது. பக்கத்து வீட்டு அற்புதராணி அக்கா காயப்போட்ட கருவாட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தலைவிரிகோலமாக ஓடி வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பாதி ஊர்.

"ஆரின்ரை போட் பிள்ளை? சொல்லித் துலையன்!"

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லையக்கா. நான் சீனிக்கு ஓடுறன்."

"சீனிக்கோ? என்ரை மாதாவே! விசரி, எங்கடை நெஞ்செல்லோ நிண்டு போச்சு!"

அன்று அவள் வாங்கிய ஏச்சு கொஞ்ச நஞ்சமல்ல. கடைசியில் மீனவர் சங்கத் தலைவர் செபநாயகம் அண்ணை தீர்ப்புச் சொன்னார்.

"ஓடுறதெண்டால் ஒரு சிவத்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடு. தொப்பியைக் கண்டால் நாங்கள் எங்கடை பாட்டிலை இருப்பம்."

அப்படியே ஆயிற்று. சிவப்புத் தொப்பியும் பழைய சட்டையுமாக அவள் கோயிலடியில் தொடங்குவாள். அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலில் ஓடும்போது, கடலுக்குள்ளிருந்து எழும்புகிற சூரியன் கூடவே வரும். மணலுக்குள் புதைந்துபோன பழைய கோயில் சுவரைச் சுற்றித் திரும்பினால் சவுக்கு நிழல். பிறகு மலை. அந்த ஒரு மணித்தியாலத்தில் யாரும் அவளிடம் அளவு கொடுக்க வருவதில்லை, யாரும் தேத்தண்ணி கேட்பதில்லை. அவளுக்கென்று இருந்த நேரம் அதுதான். ஆனால் மலையின் நடுவிலே மூச்சு முட்டி நின்றுவிடுவாள். என்ன செய்தும் ஒரே ஓட்டமாக உச்சிக்கு ஏற முடியவில்லை.

ஜெரிசனுக்கு அது நல்ல பகிடியாகப் போய்விட்டது. ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்:

"கோயில் கொடியேத்தத்துக்கு முன்னம் உதிலை நிக்காமல் ஏறிக் காட்டு. நானும் தொப்பி போட்டு உன்னோடை ஓடுறன். ஏலாட்டி உந்த ஓட்டத்தை விட்டிட்டு வீட்டு முத்தத்திலை நட. ஊர்ச் சனம் என்னைப் பாத்துச் சிரிக்குது."

"பந்தயமோ?"

"ஓம், பந்தயம்."

வாய் தவறிச் சம்மதித்துவிட்டாளே தவிர, அன்று முழுக்க அவளுக்குத் தையலில் மனம் ஓடவில்லை. முற்றத்தில் சுற்றிச் சுற்றி நடப்பதை நினைத்தாலே அழுகை வந்தது. ஒவ்வொரு காலையும் முயன்றாள். ஒவ்வொரு காலையும் நடுவிலே நின்றாள்.

கொடியேற்றத்துக்கு முதல் நாளும் வந்தது. கடைசித் தரமாக ஓடிப் பார்ப்போம் என்று தொப்பியைக் கையில் எடுத்தவள் வாசலில் நின்றாள். இரவு போன படகுகளெல்லாம் கரைக்கு வந்துவிட்டன. ஜெரிசனுடைய படகைக் காணவில்லை. போன் எடுத்தாள். மணி வீட்டுக் குசினிக்குள் அடித்தது. மனுசன் போனைச் சார்ஜில் போட்டபடியே மறந்துவிட்டுப் போயிருந்தான்.

சோளகக் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்ற படகை அது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். மலையில் ஏறினால் தூரக் கடல் தெரியும். தொப்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

அற்புதராணி அக்கா நிமிர்ந்து பார்த்தாள். தலையில் தொப்பி இல்லை. இந்தமுறை அவள் ஒன்றும் கேட்கவில்லை, குழறவும் இல்லை. கருவாட்டை விட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். வீட்டுக்கு வீடு ஆட்கள் இறங்கினார்கள்.

றொசாந்தி உச்சியில் நின்று கையால் வெயிலை மறைத்துப் பார்த்தாள். அந்தா! நங்கூரம் போட்டபடி ஒரு படகு. அதில் ஒருவன் துடுப்பில் சாரத்தைக் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தான். அந்த நீலக்கட்டம் போட்ட சாரம் போன கிழமை அவள் மூட்டித் தைத்தது. மணலில் அப்படியே குந்திவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூச்சிரைக்க ஏறி வந்த செபநாயகம் அண்ணை உடனே போன் போட்டு வேறொரு படகை அனுப்பினார்.

கட்டி இழுத்து வந்த படகிலிருந்து ஜெரிசன் காற்சட்டையோடு குதித்தபோது கரை முழுக்கச் சிரிப்பு. றொசாந்தி மட்டும் சிரிக்கவில்லை.

"போனை விட்டிட்டுக் கடலுக்குப் போறதுக்கு உங்களுக்கு என்ன விசரோ? நான் செத்துப் பிழைச்சனான்!"

"பிழைதான். என்னை நல்லா ஏசு." அவன் தலையைச் சொறிந்தான். "ஆனால் உன்னை நான் அங்கையிருந்து பாத்தனான். வெயில் மலையிலை நேரை அடிச்சது. அடியிலையிருந்து உச்சிமட்டும் நீ ஓரிடத்திலையும் நிக்கேல்லை."

அவளுக்கு அது அப்போதுதான் உறைத்தது. நின்ற ஞாபகமே இல்லை.

"தொப்பி போடேல்லை. அது கணக்கில்லை," என்றாள் மெல்ல.

"உனக்குக் கணக்கில்லாட்டிப் போகட்டும். எனக்காகத்தானே ஓடினனீ, எனக்குக் கணக்குத்தான்."

மறுநாள் காலை, கொடியேற்றத்துக்கு முன்னம், மணல் மலையில் இரண்டு சிவப்புத் தொப்பிகள் ஏறின. ஒன்று உச்சிக்குப் போய்விட்டது. மற்றது நடுவிலே குந்தி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் நில்லப்பா!" என்று கத்தியது. கீழே அற்புதராணி அக்கா சத்தம் கேட்டுத் தலையை நிமிர்த்தி, தொப்பி இரண்டையும் பார்த்துவிட்டு, தன் பாட்டில் கருவாட்டைப் புரட்டத் தொடங்கினாள்.