என் மகளின் வெள்ளக்கா

அறுபதுகளின் நடுவில், ஒரு மார்கழி மாதம் நடந்தது இது. செஞ்சிக்கு ஆறேழு கல் தள்ளி, மலையடிவாரத்தில் எங்கள் ஊர். மார்கழியில் பனி விலக வெகு நேரமாகும். போர்வையை விட்டு எழ மனசே வராது. அந்தக் குளிரில் ஒருத்தி மட்டும் கிணற்றடியில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு நடந்து போவாள். தொண்டு செய்ய வந்த வெள்ளைக்காரப் பெண். “ஐஸ் கட்டி ஊர்ல பொறந்தவ, அவளுக்கு இன்னா குளிரு?” என்பார்கள் எங்கள் பெண்கள்.

மாதா கோயிலை ஒட்டிய அறையில் தங்கியிருந்தாள். பெரிய அண்டாவில் பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சுவாள். ஊர்ப் பிள்ளைகள் டம்ளரோடு போய் உட்காரும். சிரங்குக்கு மருந்து போடுவாள், பேன் பார்ப்பாள். எத்தனை ஊக்கு குத்தினாலும் அவள் புடவை நிற்காது. அதற்கும் அவளே சிரிப்பாள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைச் சாயங்காலம் வரை அவளிடம் விட்டுவிட்டுப் போவோம்.

நானும் மூன்று வயது மகளை அங்கே விட்டுவிட்டுத்தான் மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களையெடுக்கப் போனேன். பிள்ளைகள் அந்தப் பெண்ணை ‘வெள்ளக்கா’ என்பார்கள். சாயங்காலம் நான் கூப்பிட்டால் மகள் வெள்ளக்கா இடுப்பை விட்டு இறங்க மாட்டாள். வீட்டில் சோறு ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாள். வெள்ளக்காவுக்கு ‘த’ வராது, ‘ள’ வராது. ஒரு நாள் மகளும் அதே மாதிரி, “அம்மா, டண்ணி குடு” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் தண்ணீர்ச் சொம்பை நங்கென்று வைத்தேன். என் மகளுக்குப் பேச்சு வந்ததே என்னிடமிருந்துதான். அதையும் அவள் எடுத்துக்கொண்டாளே என்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி வேறு, “பெத்தவ நீ, சோறு எறங்குறது மட்டும் அவ கையிலதான்” என்றாள்.

அந்த வாரம் துணி எடுக்கச் செஞ்சிக்குப் போனபோது வேண்டுமென்றே மகளையும் கூட்டிப்போனேன். ஒரு நாளாவது என்னோடு மட்டும் இருக்கட்டுமே. கேட்டதையெல்லாம் வாங்கித் தந்தேன். கடைத்தெருவில் நல்ல கூட்டம். துணிக்கு விலை பேசிவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் பிள்ளை இல்லை.

அலறிக்கொண்டு ஓடினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம், மண்ணெண்ணெய் வாங்க சைக்கிளில் வந்திருந்த வெள்ளக்கா என்னைப் பார்த்துவிட்டாள். வெறும் கையை விரித்தேன். புரிந்துகொண்டாள். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு என்னோடு ஓடிவந்தாள். கடை கடையாக ஏறி, தெரிந்த தமிழில் கேட்டாள்.

பூட்டு ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் மகளைத் தன் கடைப் பலகையில் உட்கார வைத்து, கையில் ஒரு பொறை ரொட்டி கொடுத்திருந்தார். “பயப்படாதம்மா, கொழந்த பத்திரமா இருக்குது. வெள்ளக்கா, வெள்ளக்கானு ஒரே அழுவ. அது யாருன்னுதான் எனக்குப் புரியல” என்றார்.

பிள்ளை கிடைத்த அந்த நிமிஷத்திலும் அந்தச் சொல் என்னைச் சுட்டது. தொலைந்துபோன நேரத்தில்கூட மகள் என்னைத் தேடவில்லை.

பாய் மகளைக் கீழே இறக்கிவிட்டார். எங்கள் இருவரையும் பார்த்த குழந்தையின் கண் வெள்ளக்கா மேல்தான் போய் நின்றது. வெள்ளக்காவும் இரண்டு கைகளையும் நீட்டினாள். நீட்டியவள் சட்டென்று என் முகத்தைப் பார்த்தாள். அதில் என்ன கண்டாளோ, கைகளை இறக்கிக்கொண்டாள். முந்தானையைத் தலையோடு இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, எனக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் திகைத்து நின்றாள். அப்புறம் “அம்மா” என்று ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். பின்னால் வெள்ளக்கா விசும்புவது எனக்குக் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து நானே குழந்தையை அவளிடம் நீட்டி, “நீங்களும் தூக்கிக்குங்க” என்றேன். தலையாட்டி மறுத்தாள்.

“இன்னிக்கு அம்மா,” என்றாள். “நாலைக்கு அக்கா.”

மறுநாள் காலையில் நானே கொண்டுபோய் விட்டேன். பொறாமை அன்றோடு போய்விட்டது என்றால் பொய். அவள் தன் நாட்டுக்குக் கிளம்பும் வரை அது எனக்குள் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டே அவளுக்குச் சோறும் குழம்பும் கொடுத்தனுப்ப என்னால் முடிந்தது.

என் மகளுக்கு இப்போது அவள் முகம்கூட ஞாபகமில்லை. தன்னைத் தேடும் பிள்ளையிடமிருந்து முகத்தை மறைத்துக்கொள்ள எத்தனை அன்பு வேண்டும் என்பதை, பெற்றவள் என்று என் நெஞ்சு நிமிரும்போதெல்லாம் நான்தான் நினைத்துக்கொள்கிறேன்.