காத்தளக்கிறவர்

தொழிலில் இருந்தவர்கள் அவரைக் 'காத்தளக்கிறவர்' என்றுதான் சொல்வார்கள். ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக். கம்ப்ரசர் மாற்ற வேண்டுமென்றால் முதலில் உள்ளே இருக்கும் காஸை வெளியேற்ற வேண்டும். மற்றவர்கள் குழாயில் ஒரு வெட்டு வெட்டி, புஸ்ஸென்று போகவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். இவர் மட்டும் ஒரு மெஷினை மாட்டி, அந்தக் காஸை மிச்சமில்லாமல் இழுத்து, மஞ்சள் தலை வைத்த சாம்பல் நிற சிலிண்டரில் அடைப்பார். அதுவரை வீட்டுக்காரர்கள் கொட்டாவி விட்டபடி நிற்பார்கள்.

"என்னண்ணே, இன்னிக்கு எத்தனை படி காத்து அளந்தீங்க?" என்று உதிரிபாகக் கடையில் கேட்பார்கள்.

"உன் வாயிலேர்ந்து வர்றதையும் சேர்த்தா ரெண்டு படி கூடவே வரும்" என்பார்.

வீட்டில் அந்தக் கேலி செல்லாது. சாப்பாடு ஆறிப்போன எரிச்சலில் மனைவி ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஊரே திறந்து விடுது. நீங்க ஒருத்தர் பிடிச்சு வச்சா வானம் குளிர்ந்துடுமா?"

"குளிராதுதான்" என்றார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "ஊரே குப்பையை ரோட்டுல கொட்டுதுன்னு நீ கொட்டுறியா? இது மேல போனா கம்பளி மாதிரி சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். என் கையால போக வேண்டாம், அவ்வளவுதான். தண்ணி குடு."

அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. ஆறிய சாப்பாட்டைச் சூடாக்குவது மட்டும் நிற்கவில்லை.

இந்த முறை மொட்டைமாடி அறையில் அவர் வைத்திருந்த மூன்று சிலிண்டர்களும் நிரம்ப நான்கு வருடம் ஆனது. ஊருக்கு வெளியே ஓர் ஆலை இருக்கிறது. இந்தக் காஸை வாங்கி, பெரும் சூட்டில் எரித்து, கெடுதல் இல்லாமல் ஆக்கிவிடுவார்கள். போன் போட்டு வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின திங்கட்கிழமை, யாரோ ஒருவர் வீட்டு மூன்றாவது மாடிக்குக் கம்ப்ரசரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியவர், மூச்சு வாங்குகிறது என்று படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

வந்தவர்களெல்லாம் போய் வீடு வெறிச்சென்று ஆனபிறகு, அவள் அவருடைய போனிலிருந்தே ஆலைக்குப் பேசினாள். "அவர் வர முடியாது. நானே கொண்டு வர்றேன்" என்று சொல்லி இன்னொரு வியாழக்கிழமையை வாங்கிக்கொண்டாள். அவர் பாதியில் விட்டுப்போன வேலை இது ஒன்றுதான். இதையாவது முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது.

புதன்கிழமை அவள் தம்பி வந்தான். மொட்டைமாடி அறையில் கிடக்கும் சாமான்களை ஒழித்துக் கொடுக்கச் சொல்லி அவள்தான் கூப்பிட்டிருந்தாள்.

"அந்த ஸ்பேனர், மெஷினெல்லாம் கண்ணு முன்னால கிடக்க வேண்டாம்டா. எடுத்துட்டுப் போயிடு."

சிலிண்டரைத் தொடாதே என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் துக்கம் விசாரிக்க யாரோ போன் செய்தார்கள். எப்படி ஆச்சு, எங்கே விழுந்தார் என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்தபோது வேறெதுவும் அவள் நினைவில் இல்லை.

அடுப்படியில் நின்றிருந்தவளுக்கு மேலேயிருந்து ஒரு சீறல் கேட்டது. மெக்கானிக்கோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் அந்த வீட்டில் ஒருநாளும் அவள் கேட்டிராத சத்தம். இருந்தும் என்னவென்று உடனே தெரிந்துவிட்டது.

படியேறி ஓடினாள். உச்சி வெயிலில் மொட்டைமாடி கொதித்தது. ஒரு சிலிண்டர் ஏற்கெனவே காலியாகி உருண்டு கிடந்தது. இரண்டாவதன் வாயிலிருந்து வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்தது. திருகு முழுக்க உறைபனி பூத்திருந்தது. அந்த வெயிலில், பனி. அவள் வெறுங்கையால் அதைப் பிடித்துத் திருகினாள். இறுகவில்லை. கையெடுக்காமல் திருகினாள்.

"அக்கா, கையை எடு! பனியில ஒட்டிக்கும்கா!" தம்பி அவளைப் பிடித்து இழுத்தான். உள்ளங்கைத் தோல் கொஞ்சம் இரும்போடு போனது. அதற்குள் சீறலும் தானாக அடங்கிவிட்டது. உள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

"என்னடா பண்ணின?"

"காஸோட இருந்தா பழைய இரும்புக்கடைக்காரன் எடுக்க மாட்டேங்கிறான்கா. நீ வேற தனியா இருக்க. வெடிச்சு கிடிச்சு வச்சா..." அவன் முகம் வெளிறிவிட்டது. "உனக்காகத்தான்கா."

அவன்மேல் கோபப்பட அவளிடம் தெம்பில்லை. சூடு பறக்கும் தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

"நாலு வருஷம்டா" என்றாள். "லேட்டா வந்த ஒவ்வொரு நாளும் நான் திட்டினேன். திட்டு வாங்கிக்கிட்டே பிடிச்சு வச்சதுடா."

தம்பி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். திறக்கப்படாத மூன்றாவது சிலிண்டர் சுவரோரம் நின்றது.

வியாழக்கிழமை அதை மட்டும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனாள். எடைமேடையருகே நின்ற பெண் ஆட்டோவுக்குள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மூணுன்னு சொன்னாரே சார். ஒண்ணுதானா?"

"ரெண்டு போயிடுச்சும்மா."

"சார் வரலையா? வந்தா 'என்னையும் ஒரு எடை போடும்மா'ன்னு மேல ஏறி நிப்பாரே."

அவள் சிலிண்டரைப் பிடித்து இறக்கினாள். கையில் சுற்றியிருந்த துணியையும், அவள் முகத்தையும் பார்த்த அந்தப் பெண் மேற்கொண்டு கேட்கவில்லை. குழாயை மாட்டி, காஸை இழுத்து முடித்து, காலி சிலிண்டரை அவள் முன்னால் வைத்தாள். வழக்கமாக அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவார்.

"இது எனக்கு எதுக்கும்மா. இப்படிக் காஸைப் பிடிச்சு வைக்கிறவங்க வேற யாராவது வருவாங்கல்ல, அவங்களுக்குக் குடுத்துடுங்க."

"பெரிய பெரிய கம்பெனிலேர்ந்து லாரியில வரும்மா. தனி ஆளா, தன் கைக்காசுல ஆட்டோ பிடிச்சுக் கொண்டுவந்தது சார் ஒருத்தர்தான்" என்றாள் அந்தப் பெண்.

"சரி, இங்கேயே இருக்கட்டும். யாராவது வந்தா..."

"வைக்கிறேம்மா."

அந்தப் பெண் சிலிண்டரைத் தூக்கி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள். வாசல் வரை போன அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வருவாங்களாம்மா?"

எடைமேடையைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.