சோமசேகரத்தின் முகம் நெல்லியடிக்குப் போன பாதை

கரவெட்டிக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து இளைப்பாறிய என் மச்சான் சோமசேகரம் எதையும் சும்மா நம்பமாட்டார். கண்ணாடியில் முகம் பார்த்தாலும் பக்கத்தில் இன்னொரு கண்ணாடியை வைத்துச் சரிபார்ப்பார்.

இந்த முறை பிள்ளையார் கோவிலின் ஆறாம் திருவிழா அவருடைய உபயம். கோவில் வாசலில் கட்டும் பதாகையில் உபயகாரரின் படமும் வரும். பிள்ளையாரின் படம் அதற்குப் பக்கத்தில், சிறிதாக. போன வருடம் உபயகாரரான கேதீஸ்வரனின் படம் மூக்குமயிர் தெரிகிற தெளிவில் தொங்கியது. அன்றிலிருந்து மச்சானுக்குச் சோறு செமிக்கவில்லை.

பட்டு வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு சகிதம், கனடாவிலிருந்து தங்கை நாகேஸ்வரி அனுப்பிய போனில் ஒரு படம் எடுப்பித்தார். அருமையான படம். அதை நெல்லியடி அச்சகத்துக் கொம்பியூட்டருக்குள் ஏற்றுவதுதான் பாடு. பின்னேரத்துக்குள் ஏறாவிட்டால் பழைய அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பிப்பேன் என்றான் அச்சகக்கார டிலக்ஷன். அந்தப் படத்தில் மச்சான் அசல் ஆட்டுக்கள்ளன்.

அச்சகத்தில் போனுக்கும் கொம்பியூட்டருக்கும் வயரைக் கொழுவினார்கள். போனில் சார்ஜ் ஏறியது. கொம்பியூட்டரோ விருந்தாளி வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"உது சார்ஜ் ஏத்திற வயர் அண்ணை. படம் போகாது."

"கறன்ற் போற வழியாலை என்ரை படம் போகாதோ?"

புளூடூத் அந்தக் கொம்பியூட்டரில் இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கி வந்தது. பெருப்பித்துப் பார்த்தால் மச்சானின் கன்னம் கட்டம் போட்ட சாரத்துணி.

"படமாய் அனுப்பாதேங்கோ அண்ணை. டொக்குமென்ற் எண்டதை அமத்தி அனுப்புங்கோ. சுருங்காது."

மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவந்ததை மச்சான் ஒப்புக்கொள்வாரா? குத்துமதிப்பாக அமத்தினார். படம் போனது. அத்தோடு டேற்றாவும் முடிந்தது.

"வரேல்லை அண்ணை."

"நான் அனுப்பிட்டன். உன்ரை பெட்டி பழசு!" என்று ஏசிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

படம் போய் விழுந்தது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில். அந்தக் குழுவில் ஒரு வயதானவரின் தனிப்படம், ஒரு சொல்லும் இல்லாமல் வந்தால், அதற்கு ஒரே அர்த்தம்தான். "ஐயோ அண்ணை!" என்று நாகேஸ்வரி ரொறன்ரோவில் குழறிய குழறலில் பருத்தித்துறைக் கடல் ஒருதரம் பின்வாங்கியது. மற்றவர்கள் காரணம் கேட்கவில்லை, மலர்வளையப் படம் போட்டார்கள்.

நானும் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு ஓடினேன். ஒழுங்கையில் எதிரே மச்சான் சைக்கிளில் வருகிறார்.

"என்ன மச்சாள் ஓட்டம்? ஆர் செத்தது?"

"நீங்கள்தான்."

என் போனைக் காட்டினேன். கையை நீட்டித் தூரப் பிடித்துப் பார்த்தார். பதறவில்லை.

"படம் தெளிவோ?"

"மூக்குமயிரும் தெரியுது."

முகம் மலர்ந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. டிலக்ஷன்.

"அண்ணை, படம் வந்திட்டுது, சுருங்காமல்! சுவிசிலை இருந்து உங்கடை மருமகன் அனுப்பினவர். சந்தியிலை கட்டக் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கேக்கிறார். இப்ப நான் எதை அடிக்கிறது?"

மச்சான் யோசித்தார்.

"திருவிழாவை அடி. கேதீஸ்வரன்ரையிலும் பெரிசாய்." தொண்டையைச் செருமினார். "மற்றதையும் அடிச்சுச் சுருட்டி வைச்சிரு. பிறகொருக்கால் உந்தப் படத்தை அனுப்ப என்னாலை ஏலாது."